கட்டுள்ள கிழங்கு

என் வாய்க்குள் போகிற பொருள்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சோறு, தயிர், பருப்பு, அப்பளம், முறுகலான தோசை. அத்தோடு சரி. கத்தரிக்காயின் விதையைக் கண்டால் தொண்டை அடைக்கும். வெண்டைக்காயின் கொழகொழப்பை நினைத்தாலே போதும், வந்த பசி திரும்பிப் போய்விடும். வீட்டில் கறியோ மீனோ கொதிக்கிற நாளில் நான் மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வேன். "இவளையெல்லாம் மகாராசாவுக்குத்தான் கட்டிக் குடுக்கோணும், நமக்குக் கட்டாது" என்று எங்கள் ஊரான எலப்புள்ளி முழுக்கக் கேட்கும்படி அம்மா திட்டுவாள்.

எல்லோரும் அதை நாக்குத் திமிர் என்றார்கள். அது பயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஏழு வயதில் ஒரு காட்சியைப் பார்த்தேன். எங்கள் வெள்ளாடு ஒன்று வேலியைத் தாண்டிப் போய்க் குச்சிக்கிழங்குத் தழையை மேய்ந்துவிட்டது. மரவள்ளிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். நல்ல சினை ஆடு. உச்சிப்பொழுதுக்குள் வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. அப்பா அதன் வாயைப் பிளந்து புளித்த மோரை ஊற்றிப் பார்த்தார். மோர் வெளியே வந்தது, உயிரும் கூடவே வந்துவிட்டது. அது மேய்ந்ததை நான்தான் பார்த்திருந்தேன். அத்தனை ஆசையாக, வாலை ஆட்டி ஆட்டித் தின்றது. தின்கிற பொருள் என்ன செய்யும் என்று தின்கிற வாய்க்குத் தெரியாது என்பது அன்றைக்கு எனக்குள் போய் உட்கார்ந்தது. அதன் பிறகு புதிதாக எதைத் தட்டில் வைத்தாலும் எனக்கு அந்த ஆட்டின் வாய்தான் தெரியும்.

மகாராசா வரவில்லை. வேலந்தாவளத்திலிருந்து, சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிற குடும்பத்தில் ஒருவர் வந்தார். அவர் மட்டும் மாட்டை விட்டுவிட்டு மலையேறியிருந்தார். உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பைக் கவனிக்கிற வேலை. சூடு கூடினால் காய் கருகும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். அந்த வேலைக்கு ஏற்ற நிதானமான மனிதர். நான் அப்பளத்தை நொறுக்கித் தயிர்ச்சோற்றில் பிசைவதை முதல் வாரம் முழுக்கப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா புள்ள?" என்று மட்டும் கேட்டார். "இவ்வளவுதானுங்க" என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அரிசி மட்டும் சுமந்து வந்து சேர்த்தார்.

மலையில் எனக்கு எல்லாமே பயம். மூடுபனி இறங்கினால் பயம், அட்டை ஏறினால் பயம். எல்லாவற்றையும்விட, அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து வரும் வாசனை. அடுத்த வீடு என்றால் ஓடைக்கு அந்தப் பக்கம். கோட்டயத்துப் பக்கமிருந்து வந்து காட்டைத் திருத்திக் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டம்மாவைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயதுகூட மூத்தவர் இல்லை, ஆனால் குரல் மலையின் மறுபக்கம்வரை போகும். உணக்க மீன் என்கிற கருவாடு, மாட்டிறைச்சி, மழைக்கு முளைத்த காளான், காந்தாரி மிளகாய் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தின்பார். தின்றுகொண்டே பேசுவார், பேசிக்கொண்டே சிரிப்பார். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும். இவருக்கு மட்டும் எப்படிப் பயமே இல்லை?

போன புதிதில் ஒருநாள், "சம்மந்தி அரைச்சு வெச்சிட்டுண்டு, இச்சிரி கூட்டிக்கோ மோளே" என்றார். எங்கள் ஊரில் சம்மந்தி என்றால் மகனுக்குப் பெண் கொடுத்தவர். அவரை அரைத்து வைத்திருக்கிறார் என்றதும் நான் விழித்த விழியைப் பார்த்து, சேச்சி அம்மிக்கல்லில் இருந்த தேங்காய்த் துவையலைக் காட்டினார். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. நான் பாலக்காட்டுக்காரி, மலையாளம் எனக்குத் தெரியும் என்கிற தெம்பு.

முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் தங்காமல் போனது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த கம்பவுண்டர் தேனிப் பக்கத்துக்காரர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். "ஒடம்புல ரெத்தம் எங்கம்மா இருக்கு? தயிர்ச்சோத்த மட்டும் தின்னுக்கிட்டு மலையில புள்ள பெத்துக்கலாம்னு பாத்தியா?" என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என் பயம் ஒரு பிள்ளையைத் தின்றுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பை முழுக்க விட முடியவில்லை.

மறுவருஷம் மறுபடி தங்கியது. எழுபதுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம், எனக்கு ஐந்தாம் மாதம். அந்த வருஷம் அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு. மழையில் ரோடு சரிந்து லாரி வரவில்லை, ரேஷன் கடைக் கதவு திறக்கவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய அரிசியும் தீர்ந்தது. இருந்த கடைசிப் பிடிகளை எனக்குக் கஞ்சியாக வைத்துக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரர் சேச்சி வீட்டில் போய்க் குச்சிக்கிழங்கு தின்றுவந்தார். மூன்றாம் நாள் பானைக்குள் கையை விட்டால் பானைதான் கிடைத்தது. அன்றைக்கு முந்தின நாள்தான் பிள்ளை முதல்முதலாக அசைந்திருந்தது. குளத்தில் மீன்குஞ்சு திரும்புகிற மாதிரி, ஒரு சின்ன அசைவு. அந்த வழியாக வந்த கம்பவுண்டர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "சாப்பிடலேன்னா இதுவும் தங்காது. நான் சொல்லிட்டேன்" என்றார்.

அன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன். இத்தனை வருஷமும் நாக்கு சொன்னதைக் கேட்டு ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று. இனிமேல் அது என்ன சொன்னாலும் கேட்பதில்லை. கசந்தாலும் விழுங்குவது, குமட்டினாலும் விழுங்குவது. சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டினேன்.

"சேச்சி, எனக்குக் கெழங்கு வேணுமுங்க. நானே ஆக்கித் திங்கோணும்."

"நீயோ! என்டெ கர்த்தாவே, மழ இனியும் கூடுமல்லோ" என்று சிரித்தார். அந்த மழையிலேயே இறங்கி ஒரு செடியைக் கிழங்கோடு பிடுங்கி, மண்ணைத் தட்டிக் கூடையில் போட்டார். "இது காட்டுப்பன்னி தொடாத்த ஜாதியா. கட்டுள்ள கப்ப. ஓர்த்தோ மோளே, கட்டு நல்லோணம் ஊற்றணம். ரண்டு வட்டம் ஊற்றணம்."

"செரிங்க சேச்சி" என்றேன். ஒரு சொல்கூடப் புரியாமல் போகவில்லை. எல்லாம் தமிழாகவே புரிந்தது, அதுதான் வினை.

எங்கள் வீட்டில் கொள்ளையோ பருப்பையோ வேகவைத்து இறுத்த தண்ணீருக்குக் கட்டு என்று பெயர். கொட்டிவிட மாட்டோம். அதில்தான் ரசம் வைப்போம். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அந்த ரசம்தான். சத்தெல்லாம் கட்டில் இறங்கிவிடும் என்பார்கள். கட்டுள்ள கிழங்கு என்று சேச்சி சொன்னதும் என் மனது குளிர்ந்தது. நல்லோணம் ஊற்றணம் என்றால் தட்டில் தாராளமாக ஊற்ற வேண்டும். ரண்டு வட்டம் என்றால் இரண்டாம் முறையும் ஊற்றிக்கொள்ள வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி என்று எவ்வளவு அக்கறையாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

தோலை உரித்து, துண்டு போட்டு, உப்புப் போட்டு வேகவைத்தேன். வெந்ததும் தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் இறுத்தேன். வெள்ளை கலங்கிய கட்டு, ஒரு சட்டி நிறைய. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு, புளி கரைத்து ஊற்றி, கறிவேப்பிலை தாளித்து இறக்கினேன். வீட்டில் ரசத்தின் மணம் எழுந்ததும் ஊர் வீட்டுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டேன். கசந்தது. பாகற்காய்க் கசப்பு எனக்குத் தெரியும், இது வேறு. உள்நாக்கு வரைக்கும் போய் ஒட்டிக்கொள்கிற கசப்பு. துப்பு என்றது நாக்கு. உன்னைத்தான் கேட்பதில்லை என்று ஆகிவிட்டதே என்று விழுங்கினேன்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு கிழங்கை மென்றுகொண்டிருந்தேன். அவர் ஈரச்சட்டையைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்புள்ள, நீயா திங்கற?"

"உக்காருங்க. ரசமும் வெச்சிருக்கறேன்."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். "கசக்குதே" என்றார். "சத்துங்க அது, மூச்சைப் புடிச்சுட்டுக் குடிங்க" என்றேன். பாதி டம்ளர் குடித்தார். எனக்காகத்தான் குடித்தார். நான் சாப்பிடுகிற மனநிலையைக் கெடுத்துவிடக் கூடாது என்று அவருக்குப் பயம். நான் ஒரு டம்ளர் குடித்தேன். பிறகு சேச்சி சொன்னபடியே இன்னொரு டம்ளர். கையைக் கழுவும்போது ஏதோ மலையைப் புரட்டிவிட்ட பெருமை எனக்கு.

அவர் ஸ்டோருக்குத் திரும்பிப் போய்க் கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்தது. பழக்கமில்லாத சாப்பாடு, அப்படித்தான் இருக்கும் என்று சுவரில் சாய்ந்தேன். சுவர் நகர்ந்தது. அந்த நேரம் ஓடைப் பக்கமிருந்து சேச்சியின் குரல் வந்தது. தலையில் பனையோலைத் தொப்பிக்குடையோடு, சேற்றில் வழுக்கி வழுக்கி வந்து நின்றார்.

"மோளே, கட்டு ஊற்றியோ?"

"ஊத்தினனுங்க சேச்சி. ரண்டு வட்டமும் ஊத்தினேன்."

"எவிடெ ஊற்றி?"

இதென்ன கேள்வி என்று நினைத்தேன். "டம்ளர்லதானுங்க. அவருக்கும் ஊத்தினேன், நானும் குடிச்சேன்" என்று ரசச் சட்டியைக் காட்டினேன்.

சேச்சி சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "குடிச்சோ? அது விஷமா மோளே, விஷம்! கொட்டிக் களயான் அல்லே ஞான் பறஞ்சது!" என்று மார்பில் அறைந்துகொண்டு ஓடிவந்தார். என் தலையைக் குனியவைத்து, இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டார்.

மலையாளத்தில் கட்டு என்றால் அந்தக் கிழங்கில் இருக்கிற விஷம். ஊற்றுவது என்றால் வடித்துக் கொட்டுவது. விஷத்தை இரண்டு முறை வடித்துக் கொட்டச் சொன்னவரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு, நான் அதைத் தாளித்துக் குடித்திருக்கிறேன்.

டிஸ்பென்சரிக்கு எப்படிப் போனேன் என்பது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஸ்டோருக்குப் பின்னால் என் வீட்டுக்காரரும் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் சேச்சியும் என்னைப் பிடித்திருந்தார்கள், யார் யாரைப் பிடித்திருந்தோம் என்பது அந்த மழைக்குத்தான் தெரியும். கம்பவுண்டர் உப்புத் தண்ணீர் கொடுத்தார், வாந்தி வந்தது. மறுபடி கொடுத்தார், மறுபடி வந்தது. பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தார். பொழுது சாய்கிற நேரத்தில், "நீ பொழச்சிட்டம்மா. உள்ள இருக்கறதப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது. அசையுதான்னு பாத்துக்கிட்டே இரு" என்றார்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைப் போல ஒரு வேலையை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. அசைவு வந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது, அதன் குணம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. குடல் புரண்டால் அதுதானோ என்று மூச்சை நிறுத்துவேன், அது இல்லை. செத்துப்போன ஆட்டின் வயிற்றில் இரண்டு குட்டி இருந்தது என்று அப்பா அன்றைக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. அதை நினைக்காதே நினைக்காதே என்று என்னையே அடித்துக்கொண்டேன். அதைத்தான் நினைத்தேன். மறுநாள் காலையில் வீட்டுக்கு நடந்து வரும்போதும் அசையவில்லை.

என் வீட்டுக்காரருக்குத் தலைவலி நிற்கவில்லை, இருந்தும் சட்டையை மாட்டினார். "நான் போடிக்கு எறங்கி அரிசி வாங்கிட்டு வந்தர்றேன். அதுவரைக்கும் ஒண்ணையும் தொடாத புள்ள" என்றார். ரோடு இல்லாத மழையில் கால்நடையாக இறங்கி ஏறி வர இரண்டு நாளாவது ஆகும். வயிற்றில் ஒன்றுமே இல்லாமல் இரண்டு நாளா? அதைக் கேட்க அவருக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் சேச்சி வந்தார். மடியில் நாலு கிழங்கு. என் அடுப்படியில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். நான் சுவரோரமாக நகர்ந்துகொண்டேன்.

"வேண்டாமுங்க சேச்சி. என்னால முடியாது."

"நீ கண்டோண்டு இரி" என்றார். என்னைப் பார்க்க வைத்துவிட்டே செய்தார். வேகவைத்த தண்ணீரை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினார். புதுத் தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்கவைத்து, அதையும் கொட்டினார். கொட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிழங்கைத் தட்டில் எடுத்து வைத்து, ஒரு துண்டைப் பிய்த்துத் தம் வாயில் போட்டு மென்றார். விழுங்கிவிட்டுக் கையை மார்பில் வைத்துக்கொண்டு, ஏதாவது ஆகிறதா என்று காத்திருந்தார். தட்டை என் பக்கம் தள்ளவே இல்லை. இது எனக்குத் தெரிந்த சேச்சி இல்லை.

"சேச்சி, உங்களுக்குப் பயமா?"

அவர் என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னார். எனக்காகத் தமிழும் மலையாளமுமாகக் கலந்து, மெதுவாக. இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் எனக்குப் புரிந்ததா என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டார். அவர்கள் மலையேறி வந்த முதல் வருஷம். நட்டதையெல்லாம் பன்றி தோண்டித் தின்றது. பன்றி தொடாத கிழங்கு இருக்கிறது என்று யாரோ நடுவதற்குக் கிழங்குக் கம்பு கொடுத்தார்கள். பன்றி ஏன் தொடாது என்பதை யாரும் சொல்லவில்லை. சேச்சி அதை மற்றக் கிழங்கைப் போலவே வேகவைத்து, வடிக்காமல், மூத்த மகளுக்கு ஊட்டியிருக்கிறார். மூன்று வயது. கசக்கிறது என்று குழந்தை முகத்தைத் திருப்பியிருக்கிறது.

"ஞானா நிர்பந்திச்சு ஊட்டினது" என்றார். வற்புறுத்தி ஊட்டினேன் என்றார்.

மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அதினு சேஷம் பேடிக்காதெ ஒரு நாள் ஞான் இது வெச்சிட்டில்ல. பேடிக்காதெ தின்னிட்டில்ல" என்றார். பயப்படாமல் ஒரு நாளும் சமைத்ததில்லை, தின்றதில்லை. "பின்னெ எந்து செய்யான்? இவிடெ இதல்லே உள்ளூ. பாக்கி ரண்டு குட்டிகளும் வளரணமல்லோ." இங்கே இதுதானே இருக்கிறது, மிச்சமிருந்த இரண்டு பிள்ளைகளும் வளர வேண்டுமே என்றார்.

அந்தச் சத்தம், அந்தச் சிரிப்பு, தின்றுகொண்டே பேசுவது எல்லாம் எதற்கு என்று அப்போது புரிந்தது. இந்த மலையில் நான் ஒருத்திதான் தட்டைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, நான் தின்னவில்லை. அவருக்கும் பயமாக இருந்தது, அவர் தின்றார், பிள்ளைகளுக்கும் கொடுத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

தட்டை இழுத்துக்கொண்டேன். முதல் வாய் உள்ளே போகவில்லை, கையிலேயே எடுத்துக்கொண்டு மறுபடி முயன்றேன். சேச்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய உதடும் கூடவே அசைந்தது. கசக்கவில்லை. மாவாக, லேசாக உப்புக் கரித்தது. கசக்கவில்லை என்பதையும் நம்பாமல் ஒவ்வொரு வாயையும் நாக்கில் வைத்து, காத்திருந்து, பிறகு விழுங்கினேன். நாக்கு சொல்வதை இனி ஒருநாளும் தட்டக் கூடாது என்று நினைத்தேன். பயத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

எத்தனையாவது வாய் என்று நினைவில்லை, கிழங்கு பாதி தீர்ந்திருந்தது. தொப்புளுக்குக் கீழே, இடது பக்கம், ஏதோ திரும்பியது. குடல்தான் என்று நினைத்து அசையாமல் இருந்தேன். மறுபடி வந்தது. இந்த முறை ஒரு இடி.

வாய் நிறையக் கிழங்கு. பேச முடியவில்லை. சேச்சியின் கையைப் பிடித்து இழுத்து வயிற்றின் மேல் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கையை எடுக்காமலேயே, மறுகையால் தட்டை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"தின்னு மோளே" என்றார்.

அடுத்த வாயையும் பயந்துகொண்டேதான் எடுத்தேன்.